ஏலம் மீனுக்கு, பெடியளுக்கில்லை

போன மாதம் எங்கட ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு பதாகை வந்தது. நடுவில் தங்கக் கிண்ணம், சுத்திவர நெருப்பு, மேலே "பிரீமியர் லீக் – வீரர்கள் ஏலம்" எண்டு பெரிய எழுத்து. கீழே கோட் சூட்டோடு எட்டு உரிமையாளர்களின் படங்கள். ஒருத்தர் கனடா, இரண்டு பேர் லண்டன், ஒருத்தர் நகைக்கடை, ஒருத்தர் காணி வாங்கி விக்கிறவர். அணிகளுக்குக் கிங்ஸ், வோரியர்ஸ், டைட்டன்ஸ் எண்டு பேர். எங்கட ஊரின் பேர் அந்தப் பதாகையில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது: மைதானம் எங்கே என்று சொல்லும் வரியில்.

கடற்கரை ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு ஏலம் எண்டால் என்னவென்று ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. விடியக் காலமை வள்ளங்கள் கரைக்கு வரும். மீனைக் கொட்டித் தரம் பிரிப்பார்கள். கூறி விக்கிறவர் விலையைச் சொல்லுவார், வியாபாரிகள் கூட்டிக் கேட்பார்கள். நல்ல மீன் முதலில் போகும். சின்னதும் நசிஞ்சதும் கடைசியில் கிடக்கும். மீனுக்கு அதில் வெக்கம் இல்லை.

எங்கட பெடியளையும் அப்படித்தான் ஏ, பி, சி எண்டு தரம் பிரிச்சார்கள். அடிப்படை விலை போட்டார்கள். ஒரு மண்டபத்தில் கதிரை போட்டு, ஒலிவாங்கி பிடிச்சு, "ஒருதரம், இரண்டுதரம்" எண்டு கூவினார்கள். முகநூலில் நேரலையாகவும் போனது. முடிஞ்ச பிறகு "விலைபோகாத வீரர்கள்" எண்டு தலைப்புப் போட்டு பதினொரு பேரின் பேர்களை அதே குழுவில் பகிர்ந்தார்கள். அதில் ஒருவனுக்குப் பதினேழு வயது. அவனுடைய அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறா.

இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தது அந்தப் பட்டியலைப் பார்த்த இரவில்தான்.

"இதெல்லாம் பகிடிக்குத்தானே தம்பியவை, உதுக்கேன் இவ்வளவு கோபம்?" எண்டு ஏற்பாட்டாளர் ஒருத்தர் கேட்டார். புள்ளியில்தான் ஏலம், காசில் இல்லையாம். சரி. ஆனால் பகிடி என்றால் ஏன் எட்டுப் பேருக்கு 'உரிமையாளர்' எண்டு பேர்? எதற்கு உரிமை? பந்துக்கா, ஜேர்சிக்கா, அந்தப் பெடியனின் காலுக்கா? சொல்லை எடுத்தால் அந்தச் சொல்லோடு சேர்ந்த உறவும் வரும். நேற்றுவரை "எங்கட பெடியன்" எண்டு இருந்தவன் இன்றைக்கு "நான் எடுத்த பெடியன்" ஆகிறான்.

கழகம் என்பது என்ன

எங்கட ஊர்களில் விளையாட்டுக் கழகம் என்பது பந்தடிக்கிற பதினொரு பேர் மட்டும் இல்லை. பக்கத்தில் வாசிகசாலை, அதற்குப் பக்கத்தில் கோயிலோ தேவாலயமோ, அதற்கு முன்னால் வெளி. கழகத்தின் கதிரைகளும் தகரப் பந்தலும் செத்தவீட்டுக்கும் போகும், சாமத்தியவீட்டுக்கும் போகும். புயலடித்து ஒரு வீட்டுக் கூரை போனால் மரம் வெட்டப் போகிறவர்கள் கழகப் பெடியள். கொரோனா முடக்கத்தில் உலர் உணவுப் பொதி கட்டினது அவர்கள். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றபோது வயது போன ஆக்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றதும் அவர்கள். இதற்கெல்லாம் அனுசரணையாளர் ஒருத்தரும் பதாகை கட்டவில்லை.

மைதானம் எப்படி வந்தது என்பதும் முக்கியம். எங்கட வெளி முந்தி நாயுருவியும் முள்ளும் நிறைந்த தரவை. தாத்தாமாரின் காலத்தில் சிரமதானம் செய்து பற்றை வெட்டி, உப்புப் பூத்த இடத்துக்கு மண் பறிச்சு, தென்னங்குற்றியை நட்டு கோல் கம்பம் ஆக்கினார்கள். பிறகு இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது அது திரும்பவும் பற்றை. அப்பாமார் திரும்பவும் வெட்டினார்கள். இரண்டு தலைமுறையின் உடம்பு அந்த மண்ணுக்குள் கிடக்கிறது. உறுதியில் யார் பேரில் கிடந்தாலும், அதை மைதானமாக்கியது சனம்.

இது எங்கட ஊரின் கதை மட்டும் இல்லை. வலிகாமம் வடக்குச் சனம் 1990 இல் வெளிக்கிட்டு, மயிலிட்டித் துறைமுகத்தை 2017 இல்தான் திரும்பக் கண்டது. 27 வருடம். அவ்வளவு காலமும் ஊர் இல்லை, வீடு இல்லை, ஆனால் முகாம்களிலும் வாடகை வளவுகளிலும் ஊரின் பேரில் பந்து உருண்டது. ஊரே இல்லாதபோது ஊரின் பேரைக் காவிக்கொண்டு திரிந்தவை கோயில் திருவிழாவும் விளையாட்டுக் கழகமும்தான். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், மயிலங்காடு ஞானமுருகன், இளவாலை யங் ஹென்றிஸ் எண்டு பேரைச் சொன்னாலே ஒரு கரை, ஒரு தெரு, ஒரு மணி ஓசை ஞாபகத்துக்கு வருகிறது. துரையப்பா அரங்கில் பின்னேரம் வெயில் சாயும்போது அந்தப் பேர்களைச் சொல்லிக் கத்துகிற கிழவனுக்கு 'வோரியர்ஸ்' எண்டால் என்ன வரும்?

"உலகமே இப்பிடித்தான்"

எங்களை வாயடைக்கச் சொல்லப்படுகிற வசனம் இது. மன்செஸ்டரையும் மட்ரிட்டையும் பாருங்கோ, காசு இல்லாமல் உதைபந்தாட்டம் இல்லை எண்டு சொல்கிறார்கள். பாப்பம்.

மன்செஸ்டர் யுனைட்டட் 1878 இல் ரயில்வே வண்டித் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம். அப்போது அதற்கு நியூட்டன் ஹீத் எண்டு பேர். ஆர்சனல் 1886 இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுடையது. வெஸ்ட் ஹாமின் மூலம் தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய தொழிலாளர்களின் அணி. கிளாஸ்கோவில் செல்டிக் தொடங்கியது பட்டினி கிடந்த ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்க்க. அதாவது இன்றைக்கு எங்களுக்கு முன்மாதிரி எண்டு காட்டப்படும் பெரிய கழகங்கள் எல்லாம் ஒருகாலம் எங்கட கழகங்களைப் போலத்தான் இருந்தன. காசு அவற்றை உருவாக்கவில்லை. உருவானதைப் பிறகு வந்து வாங்கியது.

வாங்கின பிறகு என்ன நடந்தது? 2005 இல் ஒரு அமெரிக்கக் குடும்பம் மன்செஸ்டர் யுனைட்டட்டை வாங்கியது. வாங்கின காசில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். உங்கட வீட்டை நான் கடன்பட்டு வாங்கி, கடனை நீங்களே கட்டுங்கோ எண்டு சொல்வதுபோல. அப்போது ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி எஃப்சி யுனைட்டட் ஒஃப் மன்செஸ்டர் எண்டு ஒரு கழகத்தை அதே வருடம் தொடங்கினார்கள். அங்கே ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு காசு போட்டாலும் ஒரு வாக்குத்தான். பத்து வருடம் வாடகை மைதானங்களில் அலைந்து, 2015 இல் சொந்த மைதானத்துக்குப் போனார்கள்.

விம்பிள்டன் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. 2002 இல் அந்தக் கழகத்தை உரிமையாளர்கள் நூறு கிலோமீற்றர் அளவு தள்ளி மில்டன் கீன்ஸ் எண்டு வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. கழகத்தையே இடம்பெயர்த்தார்கள். சனம் பின்னால் போகவில்லை. ஊர்ப் பொதுவெளியில் ஆள் தெரிவு வைத்து, ஏஎஃப்சி விம்பிள்டன் எண்டு கீழ்மட்ட லீக்கிலிருந்து தொடங்கினார்கள். ஒன்பது வருடத்தில் தேசிய லீக் கட்டமைப்புக்குள் ஏறினார்கள். 2020 இல் தங்கட பழைய தெருவான பிளவ் லேனுக்கே திரும்பி வந்தார்கள். ஊருக்குத் திரும்புவது எண்டால் என்னவென்று தெரிந்த எங்களுக்கு இந்தக் கதையின் ஒவ்வொரு வருடமும் விளங்கும்.

2021 ஏப்ரல் 18 இல் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கழகங்கள் 'சுப்பர் லீக்' எண்டு ஒன்றை அறிவித்தன. அதைத் தொடங்கியவர்கள் தோற்றாலும் வெளியே போகத் தேவையில்லை. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. ஜேர்மனியில் கழகத்தின் பெரும்பான்மை வாக்கு அங்கத்தவர்களிடம் இருக்கவேண்டும் எண்டு விதி. அதிலும் ஓட்டைகள் இருக்கின்றன, பெரிய கம்பனிகள் சில உள்ளே நுழைந்திருக்கின்றன. ஆனாலும் 2023 டிசம்பரில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்க முடிவெடுத்தபோது ரசிகர்கள் வாரக்கணக்காக மைதானத்துக்குள் ரெனிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆகவே "உலகமே இப்பிடித்தான்" எண்டு சொல்கிறவர்கள் உலகத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். மற்றப் பாதி ரெனிஸ் பந்தோடு நிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் போட்டுக்கொண்டு திரிகிற பெரிய கழகங்களின் ஜேர்சிகளைப் போன்றவற்றை இந்த நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடிய பஸ் ஏறுகிற அக்காமாரின் ஒரு மாதச் சம்பளமும் அந்த ஜேர்சியின் உண்மையான விலையும் எவ்வளவு வித்தியாசம் எண்டு யோசித்துப் பாருங்கோ. 2022 கட்டார் உலகக் கிண்ணத்துக்கு அரங்கம் கட்டப் போன தென்னாசியத் தொழிலாளர்களுக்குள் எங்கட நாட்டு ஆக்களும் இருந்தார்கள். சிலர் பெட்டியில் திரும்பி வந்தார்கள். உலக உதைபந்தாட்டச் சந்தையில் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது. அது தையல் இயந்திரத்துக்குப் பின்னாலும் சாரத்துக்கு மேலேயும்.

"அப்ப பெடியள் எப்பிடி முன்னேறுறது?"

இது நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போனால் நாங்கள் எழுதியது எல்லாம் கம்பஸ் கன்டீனில் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பேசுகிற பேச்சாகப் போய்விடும்.

எங்கட பெடியள் ஏழைகள். கடலுக்குப் போயிட்டு வந்து பந்தடிக்கிறவன், மேசன் வேலை முடிச்சுச் சீமெந்துக் கையோடு வாறவன், கடையில் நிக்கிறவன். அவனுக்கு பூட்ஸ் வாங்கக் காசு வேணும், முழங்கால் போனால் வைத்தியம் வேணும். விளையாட்டால் ஒரு வாழ்க்கை கிடைத்தால் அது கிடைக்கத்தான் வேணும். திறமைக்குச் சம்பளம் குடுப்பதை நாங்கள் ஒருபோதும் எதிர்க்கவில்லை.

ஆனால் சந்தை அந்தச் சம்பளத்தைத் தந்ததா? 2021 இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் எண்டு 'சுப்பர் லீக்' தொடங்கியது. 10 கழகங்கள். அதில் மூன்று இராணுவம், கடற்படை, விமானப்படையினுடையவை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒரு கழகமும் இல்லை. இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தை உயிராய் நினைக்கிற இரண்டு மாகாணங்களுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. எங்கட பெடியன் சம்பளத்துக்கு விளையாடவேண்டும் எண்டால் வேறொரு ஊரின் ஜேர்சியை, சிலவேளை படையின் ஜேர்சியைப் போடவேண்டும். அது அவனுக்கு என்ன மாதிரி இருக்கும் எண்டு அவனுக்குத்தான் தெரியும். போனவனை நாங்கள் குற்றம் சொல்லமாட்டோம்.

2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு எண்டு காரணம். ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அமைச்சும் சம்மேளனமும் கதிரைக்கு அடிபட்ட அந்த மாதங்களில் தேசிய அணிக்குச் சர்வதேசப் போட்டியே இல்லை. அதே மாதங்களில் பள்ளிமுனையில் பந்து உருண்டது, வல்வெட்டித்துறையில் உருண்டது, உருத்திரபுரத்தில் உருண்டது. மேலே எல்லாம் பூட்டியிருந்தபோது கீழே விளையாட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் சந்தா கட்டுகிற கழகங்கள்.

மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் எங்கள் எல்லாருக்கும் பெருமை தந்தவர். தேசிய அணியின் தடுப்பு வீரர். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் உயிரிழந்தார். அவருடைய மரணத்தை எங்கட வாதத்துக்குச் சாட்சியாக்க நாங்கள் வரவில்லை, அது குடும்பத்தின் துயரம். நாங்கள் சொல்வது அவர் உயிரோடு இருந்த காலத்தைப் பற்றி. நாட்டுக்கு விளையாடிய ஒருவர் விளையாட்டால் உழைக்க மாலைதீவுக்குப் போகவேண்டியிருந்தது. எங்கட மாகாணத்தை விடச் சனத்தொகை குறைந்த தீவு அது. அங்கே சம்பளம் இருக்கிறது, இங்கே ஏலம் இருக்கிறது.

இந்த ஊர் ஏலத்தில் 'ஏ' பிரிவில் போனவனுக்கு என்ன கிடைத்தது? ஒரு ஜேர்சி, ஆட்டத்துக்கு ஒரு சின்னத் தொகை, மேடையில் ஒரு படம். போன வருடம் பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு லீக்கில் கூடின விலைக்குப் போன ஒருவனுக்கு மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. உரிமையாளர் இரண்டு நாள் சுகம் விசாரிச்சார். பிறகு அவர் திரும்பிப் பறக்க நாள் வந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்க உண்டியல் கொண்டு வீடு வீடாகப் போனது அவனுடைய பழைய கழகம். 'உரிமையாளர்' எண்ட சொல்லின் பொருள் அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது. லாபத்துக்கும் படத்துக்கும் உரிமை, காலுக்குப் பொறுப்பில்லை.

காசு என்ன கேட்கும்

புலம்பெயர்ந்த எங்கட ஆக்களின் காசை நாங்கள் இகழவில்லை. அது குளிரில் நின்று உழைத்த காசு. எத்தனை கழகங்களுக்கு அந்தக் காசில் மின்விளக்கு வந்திருக்கிறது, கட்டடம் வந்திருக்கிறது. செத்துப்போன தம்பியின் நினைவாகக் கிண்ணம் வைக்கிற அண்ணனின் மனதை விளங்காதவர்கள் இல்லை நாங்கள். ஆனால் தருவது வேறு, வாங்குவது வேறு. வாசிகசாலைக்கு மேசை தந்தவர் எந்தப் புத்தகம் வாசிக்கவேண்டும் எண்டு சொல்வதில்லை. கிண்ணம் தந்தவர் எவன் விளையாடவேண்டும் எண்டு சொல்லத் தொடங்கினால் அது நன்கொடை இல்லை, கொள்வனவு.

முதலில் காசு பதாகையில் பேர் கேட்கும். பிறகு ஜேர்சியின் முன்பக்கத்தைக் கேட்கும். கழகத்தின் சின்னம் தோள்மூட்டுக்குப் போகும். பிறகு அணியின் பேரைக் கேட்கும். பிறகு வாசலில் கயிறு கட்டி ரிக்கெற் கேட்கும். இந்த லீக்குக்கு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். அந்த மைதானத்துக்கு மண் பறிச்ச தாத்தா ஒருத்தர் மதிலுக்கு வெளியே சைக்கிள் கரியரில் ஏறி நின்று பார்த்தார். இரண்டு கிழமை சின்னப் பெடியளின் பின்னேரப் பயிற்சி இல்லை. "பிட்ச் பழுதாப்போயிடும்" எண்டு காவலுக்கு ஆள் போட்டார்கள். எங்கட மைதானத்திலிருந்து எங்கட பிள்ளைகளைக் கலைக்க ஒருத்தருக்குச் சம்பளம் குடுத்தது எங்கட வரலாற்றில் இதுதான் முதல் தடவை.

மதுபான, சிகரெட் கம்பனிகள் விளையாட்டுக்கு அனுசரணை குடுப்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது. அந்த இடத்துக்கு இப்ப இணையச் சூதாட்டம் வருகிறது. நேரலையின் மூலையில் அந்தச் சின்னங்கள் மினுங்குவதை நாங்கள் பார்த்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கிறவன் கைத்தொலைபேசியில் பந்தயம் கட்டிப் பழகினால், அவனுக்கு ஆட்டம் பிடிக்கிறது எண்டு அர்த்தம் இல்லை. ஆட்டத்தின் முடிவுதான் அவனுக்கு வேணும். முடிவுக்கு விலை வந்தால், ஒருநாள் கோல் காப்பாளனுக்கும் விலை வரும்.

எங்கட முகத்தையும் பாப்பம்

இனிச் சொல்லப்போவது எங்கட பெரிய ஆக்கள் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் சமூக விழுமியம், ஊர் ஒற்றுமை எண்டு கதைச்சுக்கொண்டு இதை மறைச்சால் நாங்களும் விளம்பரம் செய்கிறவர்களாகிவிடுவோம்.

எங்கட கழகங்களில் சாதி இருக்கிறது. ஒரே ஊருக்குள் இரண்டு கழகம் ஏன் எண்டு கேட்டால் பெரியாக்கள் மற்றப் பக்கம் பார்ப்பார்கள். எந்தத் தெருப் பெடியன் எந்தக் கழகத்துக்கு விளையாடலாம், யார் தலைவராய் வரலாம், எந்தக் கோயிலடியில் பரிசளிப்பு எண்டு எல்லாத்துக்கும் எழுதாத விதி இருக்கிறது. ஊருக்கு ஊர் அடிபாடு இருக்கிறது. றெப்பறியைத் துரத்தின கதைகளைச் சிரிச்சுக்கொண்டு சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களின் வீடுகளோடு விளையாடின வெளிகளும் போயின. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளை எத்தனை கழகம் தேடிப் போய்ச் சேர்த்தது?

பெட்டையள்? தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கையிலும் கிண்ணம் தூக்கிய அணி. ஆனால் பாடசாலை முடிஞ்ச அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஊர்க் கழகத்தில் இடம் இருக்கிறது? 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருடமே பெண்கள் விளையாட மைதானம் குடுக்கக்கூடாது எண்டு அந்த நாட்டுச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது வருடம் எடுத்தது. எங்கட ஊரில் தடை போட ஒரு சங்கமும் தேவைப்படவில்லை. "பின்னேரத்தில பெடியள் பயிற்சி இருக்கு பிள்ளை" எண்ட ஒரு வசனம் காணும்.

ஏலத்தை ஆதரிக்கிற நண்பர்கள் இந்த இடத்தில்தான் எங்களைப் பிடிப்பார்கள். "பாத்தியளோ, சந்தைக்குச் சாதி இல்லை. ஏலத்தில எந்தத் தெருப் பெடியனும் எந்த அணிக்கும் போகலாம்." இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. எட்டு அணிகளிலும் ஆக்கள் கலந்துதான் இருந்தார்கள். ஆனால் லீக் முடிஞ்ச அடுத்த நாள் எல்லாரும் தங்கட தங்கட தெருவுக்குத்தான் திரும்பினார்கள். எட்டு உரிமையாளரும் எந்தெந்தத் தெரு எண்டும் நாங்கள் பார்த்தோம். சாதியை ஒழிக்கிற வேலையை ஏலக்காரரிடம் குடுக்க முடியாது. அதைக் கழகத்தின் பொதுக்கூட்டத்தில், யாப்பில், தலைவர் தெரிவில் நாங்கள்தான் செய்யவேண்டும். அங்கே ஒருத்தருக்கு ஒரு வாக்கு இருக்கிறது. கேட்கவும் சண்டை பிடிக்கவும் இடம் இருக்கிறது. உரிமையாளரிடம் எங்களுக்கு வாக்கு இல்லை. கழகத்தை நாங்கள் காப்பாற்றச் சொல்வது அது சுத்தமானது என்பதற்காக இல்லை, அதைத் திருத்தும் உரிமை இன்னும் எங்கட கையில் இருக்கிறது என்பதற்காக.

நாங்கள் கேட்பது

வாற ஞாயிற்றுக்கிழமை எங்கட கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். லீக்கை அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தமாக்கி, மைதானத்தை வருடத்தில் இரண்டு மாதம் ஏற்பாட்டாளர்களுக்குக் குடுக்கும் யோசனை நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பதிலாக மின்விளக்கும் பார்வையாளர் படிக்கட்டும் தருவார்களாம். எங்கட பக்கத்தால் நாங்கள் சில பிரேரணைகளைக் கொண்டுபோகிறோம்.

மைதானம் எந்தக் காசுக்கும் சின்னப் பிள்ளைகளின் பின்னேரத்தைப் பறிக்கும்படி வாடகைக்குப் போகக்கூடாது. கழகத்தின் பேரும் சின்னமும் நிறமும் விற்பனைக்கு இல்லை எண்டு யாப்பில் எழுதவேண்டும். அனுசரணை எடுக்கலாம், ஆனால் எவ்வளவு, யாரிடம், என்ன நிபந்தனை எண்டது வாசிகசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவேண்டும். சூதாட்டக் காசு வேண்டாம். எந்தப் போட்டி நடத்தினாலும் வீரர்களுக்குக் காப்புறுதி போட்டபிறகுதான் முதல் விசில். கிழமையில் இரண்டு பின்னேரம் பெண்களின் பயிற்சிக்கு எண்டு ஒதுக்கவேண்டும், நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடம் வேணும். எந்தத் தெருப் பிள்ளைக்கும் அங்கத்துவம் மறுக்கப்படக்கூடாது. கடைசியாக, இந்த ஊரில் மனிசரை ஏலம் விடக்கூடாது. கலப்பு அணி வேணும் எண்டால் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கோ. சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் பிரிஞ்சம்.

மின்விளக்கு எங்களுக்கும் விருப்பம்தான். அது இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச வருடம் சூரியன் போகுமட்டும் விளையாடுவோம். அங்கத்தவருக்கு மாதம் நூறு ரூபாய் கூட்டினால் முதலில் ஒரு கம்பம் நடலாம், அடுத்த வருடம் இன்னொன்று. மெதுவாகத்தான் வரும். ஆனால் அதன் ஆளியை ஒருத்தரும் லண்டனிலிருந்து அணைக்கமாட்டார்கள்.

ஊரில் இருக்கிற அங்கத்தவர்கள் சந்தாவைக் கட்டிப்போட்டு வாங்கோ, கட்டாதவருக்கு வாக்கு இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் உங்கட பேச்சைக் குழுவில் எழுதுங்கோ, நாங்கள் கூட்டத்தில் வாசிப்பம். வேறு ஊர்களில் இதே பதாகை வந்திருந்தால் உங்கட பொதுக்கூட்டத்திலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கோ.

அந்தப் பதினேழு வயதுக்காரன் அந்த இரவுக்குப் பிறகு இரண்டு கிழமை மைதானத்துக்கு வரவில்லை. போன வெள்ளி வந்தான். லீக் முடிஞ்சு காவல்காரர் போயிருந்தார், கோல் கம்பத்தில் பதாகைக் கயிறு இன்னும் தொங்கியது. சின்னப் பெடியள் இரண்டு பக்கமாகப் பிரியச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு ஆள் குறைஞ்சது. "அண்ணை, வாறியளோ?" எண்டு கேட்டார்கள். செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்கினான். விலை ஒருத்தரும் கேட்கவில்லை.